மிஷின் நின்றால் நல்ல இடம்

ராயபுரம் கல்மண்டபத்தில் மஜீது பாயின் மாவு மில்லைத் தெரியாது என்று ஒருவர் சொன்னால், அவர் போன வாரம்தான் குடிவந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பாக்கெட் மசாலா வாங்கிச் சமைக்கிறவராக இருக்க வேண்டும். இரண்டு வகையினரையும் பாய் மன்னித்துவிடுவார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். அரிசி அரைக்கும் நாளில் அவர் புருவம் வெளுத்திருக்கும், மிளகாய் அரைக்கும் நாளில் சிவந்திருக்கும். பாயின் நிஜ நிறம் என்னவென்று அவர் மனைவி மலிகாவுக்கு மட்டும்தான் தெரியும் என்று தெருவில் கேலி பேசுவார்கள்.

மாவு மில் விசித்திரமான இடம். ஊரெல்லாம் ரகசியத்தைக் காதோடு காதாகச் சொல்லும். மில்லில் மட்டும் அதைத் தொண்டை கிழியக் கத்திச் சொல்ல வேண்டும். மிஷின் சத்தத்தைத் தாண்டிப் பக்கத்தில் நிற்பவளுக்குக் கேட்க வேண்டுமே! ஒருமுறை ஒரு பெண்மணி தன் நாத்தனாரைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. "அவ தலையில கீறது பூரா சவுரி!" என்ற ஒற்றை வாக்கியம் அந்த அமைதியில் தெருமுனை வரை தனியாக நடந்து போனது. நாத்தனார் தெருமுனையில்தான் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டிருந்தாள்.

இப்படிக் கேட்டுக் கேட்டே, ஒரு மனுஷனின் பெயரைக் கெடுக்க எத்தனை வார்த்தைகள் உண்டோ அத்தனையும் பாயின் காதில் வந்து படிந்துவிட்டன. அவதூறு என்று பேப்பரில் போடுவார்கள், மானநஷ்டம் என்று வக்கீல் சொல்வார். மில்லில் அந்த இரண்டையும் யாரும் வாயால் சொன்னதில்லை. இங்கே வேலைக்குத் தகுந்த வார்த்தை. உள்ளதை உள்ளபடி சூப்பர்வைசரிடம் சொன்னவன் 'போட்டுக் குடுத்துட்டான்'. மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவே ஒன்றைச் சொல்லிவிட்டு நழுவியவள் 'வத்தி வெச்சிட்டா'. அந்த வத்தி நாலு நாளில் தானே அணைந்துவிடும். காலேஜ் பிள்ளைகள் 'செம டேமேஜ் மச்சான்' என்று சிரித்தால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம். 'மானத்த வாங்கிட்டான்' என்றால் வாங்கியது பெரும்பாலும் சொந்தப் பிள்ளை. 'நாறடிச்சிட்டா' என்றால் அது மார்க்கெட்டில், நாலு பேர் முன்னால், பட்டப்பகலில் நடந்திருக்கிறது. இதையெல்லாம் கேட்டுப் பாய் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார். ஆனால் மிஷின் நின்ற பிறகு, முந்தானையை வாயருகே கொண்டுபோய், "அந்தப் பொண்ணு பேரு ரிப்பேரு" என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னால் மட்டும் அவருக்குச் சிரிப்பு வராது. அப்படிப் பேர் கெட்டுப்போன ஒரு பெண், குடும்பத்தோடு எம்.கே.பி. நகர் பக்கம் வீடு மாற்றிக்கொண்டு போனதை அவர் பார்த்திருக்கிறார்.

அதனால் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பெண் எடுக்கப் போகிறவர்கள் முதலில் பெண் வீட்டுத் தெருவில் விசாரிப்பார்கள். கல்மண்டபத்தில் விசாரிக்கிற இடம் மாவு மில்தான். எந்த வீட்டில் எது அரைக்கிறார்கள், யார் தூக்கி வருகிறார்கள், வாசலில் நின்று யார் எப்படிப் பேசுகிறார்கள் என்பதெல்லாம் மில்காரருக்குத் தெரியாதா? நல்ல பெண் என்றால் பாய் மிஷினை நிறுத்துவார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, "கண்ண மூடிக்கினு கட்டலாம்" என்பார். மனசுக்கு ஒப்பவில்லை என்றால் மிஷினை நிறுத்தமாட்டார். காது கேட்காதவர் மாதிரி மாவை அள்ளிக்கொண்டே இருப்பார். வந்தவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார். ஒருவரைப் பற்றியும் ஒரு கெட்ட வார்த்தை பேசாமல் தப்பித்துக்கொள்ள அவர் கண்டுபிடித்த வழி அது.

தன் வழி தனக்கு மட்டும்தான் தெரியும் என்று பாய் நினைத்திருந்தார். ஊருக்கா தெரியாது? "மில்லு பாய் வாயத் தொறந்து தப்பா சொல்ல மாட்டாரு. மிஷின் நின்னா நல்ல எடம், ஓடுனா நீயும் ஓடிடு" என்று முனை டீக்கடையில் வெளியூர்க்காரர்களுக்கு வகுப்பே எடுத்துக்கொண்டிருந்தார்கள். இது பாயின் காதுக்கு எட்டியிருந்தால் கன்னியம்மா மகளுக்கு அந்த வினை வந்திருக்காது.

கன்னியம்மா காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்துக் கல்மண்டபம் மார்க்கெட்டில் விற்கிறவள். புருஷன் போன பிறகு கூடையைத் தலையில் ஏற்றி, ஒரே மகள் அம்முவை பி.காம். வரை படிக்க வைத்தாள். அம்மு திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டு ஆபீசில் வேலை பார்க்கிறாள். போன கோடையில் அவளுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை உதயா, விசைப்படகு இன்ஜின் மெக்கானிக், திருவொற்றியூர்க் குப்பத்துப் பையன். பார்த்தார்கள், பிடித்தது. பையனும் பெண்ணும் போனில் பேசிக்கொள்கிற அளவுக்கு வந்துவிட்டது. பாக்கி இருந்தது மாப்பிள்ளையின் தாய்மாமன் தண்டபாணி வந்து தெருவில் விசாரித்துவிட்டுப் போகிற சடங்கு ஒன்றுதான்.

கன்னியம்மா அதற்குள் நிச்சயத்துக்கு மிளகாய் கொண்டுவந்து மில்லில் கொட்டிவிட்டாள்.

"பாய், மீன் கொழம்பு நான்தான் வெக்கப் போறேன். மாப்ள வூட்டுக்காரங்க மூக்கு ஒழுகிக்கினு சாப்புடணும். குண்டூர் மொளகா ரெண்டு பங்கு போட்டுக்கீறேன், பாத்து அரை."

"கன்னிமா, அது மனுஷங்க துண்றதுக்கா, இல்ல கொசு வெரட்டவா?"

"அரை பாய், பேசாத."

மறுநாள் காலையில் அதைத்தான் அரைத்துக்கொண்டிருந்தார். தண்டபாணி வந்து படியில் நின்றது அப்போதுதான். டீக்கடையில் வகுப்பைக் கேட்டு முடித்துவிட்டு நேராக வந்திருந்தார்.

"பாய்! கன்னியம்மா பொண்ணு அம்மு! எங்க வூட்டுக்கு எடுக்கலாம்னு கீறோம்! பொண்ணு எப்டி?"

பாய்க்கு மனசு குளிர்ந்துவிட்டது. அம்முவைப் பற்றிச் சொல்லக் கசக்குமா? உடனே நிறுத்தத்தான் கை போனது. ஆனால் மேலே தொட்டி நிறைய மிளகாய். பாதியில் நிறுத்தினால் உள்ளே சிக்கி, மிஷினைப் பிரித்து மேய அரை நாள் ஆகும். 'கொஞ்சம் இருங்க' என்று கையை ஆட்டினார். அந்த நேரம் பார்த்துத் தூள் விழுகிற துணிப்பையின் கட்டு அவிழ்ந்தது. குண்டூர் மிளகாய் ஒரே மூச்சில் முகத்தில் அடித்தது. கண்ணில் நீர் கொட்டியது. வாயைத் திறக்க முடியவில்லை. சரியாகக் கட்டாத தன் புத்தியை நொந்து தலையில் ஓர் அடி போட்டுக்கொண்டு, பின்பக்கக் குழாயைப் பார்த்து ஓடினார்.

கண்ணைக் கழுவிக்கொண்டு வந்தபோது படியில் ஆள் இல்லை. திரும்ப வருவார் என்று நினைத்தார். அரைத்து முடித்தார், தொழுகைக்குப் போனார், சாப்பிட்டார், மறந்துபோனார். தப்பு என்றால் அதுதான் தப்பு.

தண்டபாணி வேண்டுமென்று எதையும் கட்டிச் சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் டீக்கடையில் சொன்னார். பாய் மிஷினை நிறுத்தவில்லை. வேண்டாம் என்று கையை ஆட்டினார். தலையில் அடித்துக்கொண்டார். அழுதார். அவ்வளவுதான். மிச்சத்தை ஊர் பார்த்துக்கொண்டது. பாயே அழுதார் என்றால் சும்மாவா? அந்தப் பெண் நைட் ஷிப்ட் முடிந்து வேனில் வருகிறதே! மாலைக்குள் வேன் டிரைவருக்கு வயசு குறைந்தது. மறுநாள் அவனுக்கு ஒரு பொண்டாட்டியும் ரெண்டு பிள்ளைகளும் முளைத்தார்கள். நிஜத்தில் அந்த வேனை ஓட்டுகிறவர் பேரன் பேத்தி எடுத்த மனிதர், கண் ஆபரேஷனுக்கு லீவு கேட்டுக்கொண்டிருந்தார். கண், காது, மூக்கு வைப்பது என்று சும்மாவா சொன்னார்கள்? எங்கள் பக்கம் செருப்பும் குடையும் சேர்த்து வைப்பார்கள்.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தது. "ஆடி போவட்டும், அப்பறம் பாக்கலாம்." ஆடி வருவதற்கே இன்னும் மூன்று மாசம் இருந்தது. கன்னியம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அம்மு எவ்வளவு கேட்டும் உதயா, "எங்க மாமா சொல்றத மீற முடியல" என்பதைத் தாண்டிப் பேசவில்லை. அம்மு வேலைக்குப் போகும்போது தெருவில் பேச்சு நிற்க ஆரம்பித்தது. அவள் தாண்டிப் போனதும் மறுபடி தொடங்கியது. சின்ன வயசிலிருந்து ஓடியாடிய தெருவில் அந்தப் பெண் தலையைக் குனிந்து நடந்தாள். இந்த இடம் போனால் போகட்டும் என்று விடவும் முடியாது. அடுத்த வரன்காரனும் இதே தெருவில்தானே வந்து விசாரிப்பான்?

பாய்க்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்றால், தெரியவேண்டிய இடத்தில்தான் தெரிந்தது. ராமசெல்வி என்று ஒரு பெண். கோதுமை அரைக்க வந்தால் கூடவே நாலு வீட்டுக் கதையும் அரைத்துக்கொண்டு போவாள். அன்று மிஷின் சத்தத்தில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தாள். கோதுமை தீர்ந்ததும் பாய் மிஷினை நிறுத்தினார்.

"அம்மு பேரச் சொன்னதுமே மில்லு பாய் தேம்பித் தேம்பி அழுதாருன்னா பாத்துக்கோயேன்!"

அமைதி. பாய் நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த மில்லு பாய்?" என்று கேட்டார்.

ராமசெல்வி கோதுமை மாவுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "வேற... வேற மில்லு பாய்."

"கல்மண்டபத்துல வேற மில்லு ஏதும்மா?"

கொஞ்சம் அதட்டியதும் எல்லாம் வந்து விழுந்தது: டீக்கடை வகுப்பு, மிஷின் கணக்கு, கண்ணீர், வேன் டிரைவரின் இரண்டு பிள்ளைகள் உட்பட. பாய் அப்படியே அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். எத்தனை நாக்குகளைக் கேட்டும் தன் நாக்கை அடக்கி வைத்திருந்த மனுஷன். இப்போது ஊரிலேயே பெரிய பழியைப் போட்டவர் அவர்தானாம், அதுவும் ஒரு வார்த்தை பேசாமல்!

மாடியில் மலிகாவிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

"ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க? பொறம் பேசுறது பாவம், பாவம்னு சொல்லிக்கினு நீங்க மிஷின் சத்தத்த வெச்சில்ல பேசிக்கினு இருந்திருக்கீங்க. இதுக்கு முன்னாடி எத்தினி பேருக்கு மிஷின நிறுத்தாம உட்டீங்க? அவங்க கதி இன்னா ஆச்சின்னு யாரு கண்டா?"

பாய்க்குக் கண் கலங்கியது. அந்தக் கேள்வி அவருக்குள் முள்ளாக இறங்கியது.

"சரி, அழுவாதீங்க, அதையும் யாராவது பாத்துடப் போறாங்க," என்றாள் மலிகா. "அன்னிக்கி அரச்சது யாரு மொளகா?"

பாய் யோசித்தார். யோசித்ததும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

மார்க்கெட்டில் கன்னியம்மா கத்தியும் கையுமாகச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். பாயைப் பார்த்ததும் கத்தியைப் பலகையில் குத்தி நிறுத்தினாள்.

"இன்னா பாய்? இன்னும் மிச்சம் மீதி எதுனா கீதா, அழுதுட்டுப் போவ வந்தியா? உன் மில்லுல எத்தினி வருசமா அரைக்கிறேன்! எம் பொண்ணு வாழ்க்கையில மண்ண அள்ளிப் போட்டியே, உன் கை வெளங்குமா? நேரா சொல்லியிருந்தாக்கூட வந்து சண்ட போட்டிருப்பேன். அழுதியாமே! அழுதவன்கிட்ட எப்டி சண்ட போடறது? தூ!"

மார்க்கெட்டே வேடிக்கை பார்த்தது. பாய் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் சொன்னார்.

"கன்னிமா, அது உன் மொளகா."

"இன்னாது?"

"குண்டூரு. ரெண்டு பங்கு. மாப்ள வூட்டுக்காரங்களுக்கு மூக்கு ஒழுகணும்னியே. எனக்கு ஒழுகிச்சு. பை அவுந்துக்கிச்சு. உள்ள மொளகா கீது, மிஷின நிறுத்த முடியல. இரு இருன்னுதான் கைய ஆட்டுனேன்."

கன்னியம்மா மீன் கூடை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். வாயில் வந்த அடுத்த வசவு அப்படியே நின்றது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் முகம் என்னவோ ஆயிற்று.

"ஐயோ, எம் மொளகாவே எம் பொண்ணுக்கு..." என்றாள். பிறகு, "நீ போயி சொன்னா அந்தாளு நம்புவானா பாய்?"

நம்பவில்லை. ராயபுரத்தில் ரயிலேறித் திருவொற்றியூரில் இறங்கி, குப்பத்தில் தண்டபாணியைத் தேடிப் பிடித்தார் பாய். அவர் பைபர் போட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். பாய் தன் வாழ்நாளில் பேசாத பேச்செல்லாம் பேசினார். மிளகாய் நெடி என்றார், தங்கமான பெண் என்றார். அடக்கம் என்றார், அறிவு என்றார். சொல்லச் சொல்லத் தண்டபாணியின் முகம் இறுகியது.

"பாய், தப்பா நெனைக்காத. கேட்டப்ப சொல்லாத ஆளு, இப்ப ரயிலேறி வந்து சொல்றன்னா இன்னா அர்த்தம்? அந்தம்மா கால்ல வுழுந்திருக்கும். நீ எளகுன மனுசன். ரொம்ப நல்ல பொண்ணுங்கிற. நல்ல பொண்ணுன்னா போதாதா, 'ரொம்ப' எதுக்கு?"

பாய் மணலில் குந்திவிட்டார். பெயரைக் கெடுக்க மட்டும் ஆயிரம் வார்த்தை வைத்திருக்கிறார்களே, கெட்டதைச் சரி செய்ய இந்த ஊரில் ஒரு வார்த்தை இருக்கிறதா? 'தொடச்சு உட்டாங்க' என்கிறார்கள், 'மூடி மறைச்சாங்க' என்கிறார்கள். அதுவும் ஒரு பழிதான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று பழமொழி சொல்லி வைத்தவர்கள் அதோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

படகுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்த தண்டபாணியின் அக்கா செல்லக்கனி, உதயாவின் அம்மா, எழுந்து வந்தாள். அவளுக்கு அம்முவை ரொம்பப் பிடித்திருந்தது. தம்பி பேச்சைத் தட்ட முடியாமல்தான் ஆடியைக் காரணம் காட்டியிருந்தாள்.

பாய் அவளைப் பார்த்துச் சொன்னார். "அம்மா, நான் ஒண்ணும் சொல்லல. உங்க வூட்லயும் மொளகா அரைக்கணும்ல? எடுத்துக்கினு ஞாயித்துக்கெழம மில்லுக்கு வாங்க. உங்க தம்பி அன்னிக்கி நின்ன எடத்துலயே வந்து நிக்கட்டும். அவ்ளதான்."

"காசு?" என்றார் தண்டபாணி.

"அரவக்கூலி வேணாம்."

அதற்காக இல்லாவிட்டாலும், செல்லக்கனி வருவதாகச் சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மில்லில் கூட்டம் நெரியும். அன்று விஷயம் எப்படியோ கசிந்து, அரைக்க ஒன்றும் இல்லாதவர்களும் வெறும் டப்பாவோடு வந்து நின்றார்கள். ராமசெல்வி மிளகாய் டப்பாவோடு முதல் ஆளாக இருந்தாள். கன்னியம்மா எதிர்ச் சாரியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் அம்மு, துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். வரவேண்டாம் என்று அம்மா சொல்லியும் கேட்கவில்லை. என்னைப் பற்றித்தானே பேசப் போகிறார்கள், நானே கேட்டுக்கொள்கிறேன் என்று வந்துவிட்டாள்.

தண்டபாணி படியில், அன்று நின்ற அதே இடத்தில் நின்றார். செல்லக்கனி தெருவிலேயே நின்றுகொண்டாள். பாய் மூக்கையும் வாயையும் ஈரத்துண்டால் இறுகக் கட்டினார். தொட்டியில் மிளகாயைக் கொட்டினார். மிஷினைப் போட்டார். துணிப்பையின் கட்டை வேண்டுமென்றே அவிழ்த்துவிட்டார்.

சிவப்பாக ஒரு புகை கிளம்பியது. வரிசையில் நின்றவர்கள் 'ஐயோ' என்று பின்வாங்கினார்கள். பாய் துண்டுக்குள்ளிருந்து கத்தினார்.

"தண்டபாணி அண்ணே! உங்க மருமவன் உதயா! புள்ள எப்டி? தண்ணி கிண்ணி அடிப்பாரா?"

தண்டபாணி பதில் சொல்ல வாயைத் திறந்தார். அவ்வளவுதான். நெடி தொண்டையில் இறங்கியது. இருமினார், கண்ணில் தாரை தாரையாக நீர் வழிந்தது. நிறுத்து நிறுத்து என்று இரண்டு கையையும் ஆட்டினார். ஆட்டிக்கொண்டே தன் தலையில் தானே ஓர் அடி போட்டுக்கொண்டார்.

தெருவிலிருந்து செல்லக்கனியின் குரல் மிஷினையும் மீறிக் கேட்டது.

"டேய் தண்டபாணி! எம் புள்ளையப் பத்திக் கேட்டா, இன்னாத்துக்குடா தலையில அடிச்சிக்கினு அழுவுற?"

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வெடித்தது. அதைத் தொடர்ந்து தெருவே சிரித்தது. டீக்கடைக்காரர் கிளாசைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். தண்டபாணி படியிறங்கி, சாக்கடை ஓரம் குந்தி, இருமலுக்கு நடுவே தானும் சிரித்தார். செல்லக்கனி முந்தானையால் தம்பியின் முகத்தைத் துடைத்துவிட்டு, அதே முந்தானையால் அவர் முதுகில் ஒன்று போட்டாள்.

தொட்டி காலியாயிற்று. பாய் சிவப்புப் பட்டனை அமுக்கினார். சத்தம் தேய்ந்து தேய்ந்து அடங்கியது. அந்த அமைதிக்கு என்ன அர்த்தம் என்று அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள்.

பாய் துண்டை அவிழ்த்தார், முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"அன்னிக்கி கேட்டீங்க, இன்னிக்கி சொல்றேன். இந்த மில்லு வாசல்ல நின்னு யாரப் பத்தியும் ஒரு வார்த்த பேசாத ஒரே பொண்ணு இந்த அம்மு. காதுல அந்த ஒயர மாட்டிக்கினு பாட்டு கேட்டுக்கினு நிக்கும். மாவு வாங்கும், போயிடும். கண்ண மூடிக்கினு கட்டலாம். இப்ப உங்களால கண்ண தொறக்க முடியாது, அது வேற கத."

தண்டபாணி எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார். பாயையா, கன்னியம்மாவையா என்று தெரியவில்லை. கண் இன்னும் திறக்கவில்லை, பொதுவாகத் தெருவைப் பார்த்துக் கும்பிட்டார். "பாத்ததத்தான் சொன்னேன், தாயி. இன்னா பாத்தேன்னு தெரியாம சொல்லிட்டேன். தப்புதான்."

கன்னியம்மா வாயைத் திறக்குமுன் அம்மு தெருவைக் கடந்து வந்தாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு அவள் தலை நிமிர்ந்திருந்ததைப் பாய் கவனித்தார்.

"மாமா," என்றாள். தண்டபாணியை அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "பாய் ஒண்ணு கேட்டாரே, அதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல. இப்ப மிஷின் நின்னுடுச்சு. சொல்லுங்க. குடிப்பாரா?"

தண்டபாணி கண்ணைக் கசக்கிக்கொண்டு அக்காவைப் பார்த்தார். அக்கா எங்கேயோ பார்த்தாள். வேறு வழியில்லை.

"தெனைக்கும் கெடையாதும்மா. போட்டு வேல முடிஞ்சா, பசங்களோட சேந்து எப்பனா ஒரு பீரு. மறைக்க மாட்டேன். வேற ஒண்ணும் கெடையாது, கடல் மேல சத்தியம்."

"சரி. அத அவருகிட்ட நானே பேசிக்கிறேன்," என்றாள் அம்மு. "நீங்க நெசத்த சொன்னீங்க, அது போதும்."

செல்லக்கனிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஆடியாவது ஒண்ணாவது. அடுத்த முகூர்த்தத்துல நிச்சயம்," என்றாள். கன்னியம்மா தெருவைத் தாண்டி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்ததும் அவளுக்கு அழுகை பொங்கிவிட்டது. கூட்டம் பார்ப்பதைப் பார்த்துச் சட்டென்று திரும்பினாள்.

"சந்தோசத்துல அழுவுறேன்! நல்லா பாத்துக்கோங்க! வெளிய போயி வேற மாரி சொல்லிக்கினு திரிஞ்சீங்க, செதில் சீவிடுவேன்!"

மறுபடி ஒரு சிரிப்பு. இந்த முறை பாயும் சேர்ந்து சிரித்தார்.

கூட்டம் கலைந்தது. ராமசெல்வி டப்பாவை நீட்டினாள். "நான் அப்பவே சொன்னேன், அம்மு தங்கமான பொண்ணுன்னு. பாய், எம் மொளகாவ போடு."

பாயின் கை பச்சைப் பட்டன் வரை போனது. போய் நின்றது. அம்முவைப் பற்றிச் சொன்ன கையோடு மிஷினைப் போட்டால்? முனையில் டீக்கடை. அங்கே யாரோ ஒருவன் அப்போதுதான் வந்து உட்கார்ந்திருப்பான்.

"இன்னிக்கி அரவ கெடையாது," என்றார். "நாளைக்கி வா."

"ஞாயித்துக்கெழம மத்தியானத்துலயா?" என்று ராமசெல்வி வாயைப் பிளந்தாள். மாடியிலிருந்து மலிகாவும் எட்டிப் பார்த்து அதையேதான் கேட்டாள். பாய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பின்பக்கக் குழாயில் முகம் கழுவினார். மலிகா கொண்டுவந்த டீயோடு படியில் உட்கார்ந்தார். இனி யார் வந்து விசாரித்தாலும் மிஷினை முதலில் நிறுத்திவிட வேண்டும், தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் தெரியாது என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும் என்று மலிகாவிடம் சொன்னார். "சொல்லிட்டாலும்," என்றாள் அவள். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

எத்தனையோ வருஷத்தில் முதல் தடவையாக மில் ஓடாத ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். துறைமுகத்தில் கப்பல் ஊதுவது கேட்டது. எதிர்ச் சாரியில் கன்னியம்மா வீட்டு வாசலில் நின்று, போனில் சொந்தக்காரர்களை நிச்சயத்துக்கு அழைத்துக்கொண்டிருந்தாள். மிஷின் சத்தம் இல்லையென்பது மறந்துபோய், பழக்க தோஷத்தில் கத்திக்கொண்டுதான் பேசினாள்.

"யாரு யாருக்கு சொன்னன்னா கேக்குற? மொத சேதி மில்லு பாய் வூட்டுக்குத்தான். அதுக்கப்பறம்தான் நீங்கல்லாம்."

தெருமுனை வரைக்கும் அது கேட்டது. பாயின் முகத்தில் மிளகாய்த் தூளும் இல்லை, மாவும் இல்லை. மாநிறம்தான் என்பதை அன்று தெருவே பார்த்தது.